24-ஆம் பதிப்பில் நின்றுபோன நெக்ஸ்ட்கிளவுட்: பாதிக் கோப்புகளை மேலெழுதிவிட்டேன், இனி என்ன செய்வது?

#1 நிலவொளி

வணக்கம். உதவி தேவை; கொஞ்சம் அவசரம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பகிர்வு ஹோஸ்டிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர்) ஒன்றில், கோப்புகளைச் சேமித்துப் பகிரும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடை நிறுவினேன். வீட்டிலுள்ள ஏழு பேரின் படங்கள், ஒலிப்பதிவுகள், சான்றிதழ்களின் நகல்கள் என்று 180 ஜிபி அதில் இருக்கிறது. நிறுவிய பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒரே வரி. இந்தப் பதிப்பு, நெக்ஸ்ட்கிளவுட் ஓடும் பிஎச்பி மொழியின் 8.2-உடனோ அதற்கு மேற்பட்டதுடனோ பொருந்தாது, உங்களிடம் இருப்பது 8.2 என்று சொன்னது. ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி 7.4-ஐ எடுத்துவிடப்போவதாக மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். மூன்றும் விளம்பரங்களோடு கிடந்தன.

பதற்றத்தில் 31-ஆம் பதிப்பின் ஜிப்பைப் பதிவிறக்கி, எஃப்டிபி வழியாகப் பழைய கோப்புறையின் மேலேயே ஏற்றத் தொடங்கினேன். பாதி ஏறிய பிறகு பயம் வந்து நிறுத்திவிட்டேன். இப்போது பல பதிப்புகளைத் தாண்டி மேம்படுத்த முடியாது என்று வேறொரு வரி வருகிறது. படங்கள் போய்விட்டனவா?

#2 பழைய ஆணி

அம்மா, முதலில் கையை எடுங்கள். எஃப்டிபி செயலியை மூடிவிடுங்கள். இனி எதையும் ஏற்றவோ நீக்கவோ வேண்டாம்.

படங்கள் போகவில்லை. அவை டேட்டா கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும். எஃப்டிபியில் பார்த்தாலே தெரியும். நீங்கள் கலக்கிவிட்டது நிரலை மட்டும்தான். நிரலைத் திரும்பப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கான்ஃபிக் கோப்புறைக்குள் கான்ஃபிக்.பிஎச்பி என்னும் கோப்பு இருக்கும். அதைத் திறந்து 'வெர்ஷன்' என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். எதையும் மாற்றாதீர்கள், பார்த்தால் போதும். அதிலுள்ள கடவுச்சொற்களை இங்கே ஒட்டிவிடவும் வேண்டாம். போன மாதம் ஒருவர் ஒட்டினார்.

#3 நிலவொளி

24.0.7.1 என்று இருக்கிறது ஐயா. டேட்டா கோப்புறையில் ஏழு பேரின் பெயர்களிலும் கோப்புறைகள் இருக்கின்றன. என் பெயரில் உள்ளதைத் திறந்து ஒரு படத்தை இறக்கிப் பார்த்தேன், திறக்கிறது. இப்போதுதான் மூச்சு வந்தது.

#4 கலங்கரை

இதற்குத்தான் டாக்கர் என்கிறேன். அதன் கொள்கலனில் ஓட்டியிருந்தால் பிஎச்பியும் நெக்ஸ்ட்கிளவுடும் ஒரே பொட்டலத்தில் வந்திருக்கும். ஹோஸ்டிங் நிறுவனம் எதை எடுத்தாலும் உங்களைத் தொட்டிருக்காது.

#5 பழைய ஆணி

கலங்கரை, பகிர்வு ஹோஸ்டிங்கில் டாக்கர் எங்கே கிடைக்கும்? தீப்பிடித்த வீட்டுக்காரரிடம் வேறு வீடு பார்த்திருக்கலாமே என்கிறீர்கள்.

அம்மா, 24.0.7.1 என்பது நல்ல சேதி. நெக்ஸ்ட்கிளவுட் ஒவ்வொரு முறை எழும்போதும் இரண்டு எண்களை ஒப்பிடுகிறது. ஒன்று நிரலில் உள்ள பதிப்பு எண், மற்றது கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் எண். இரண்டாவதுதான் உங்கள் தரவுத்தளம் எந்த நிலையில் நிற்கிறது என்பதற்குச் சாட்சி. நிரல் 31, தரவுத்தளம் 24 என்று கண்டதும் அது மறுத்துவிட்டது. மறுத்ததால் தரவுத்தளத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

பெரிய பதிப்புகளை நெக்ஸ்ட்கிளவுடில் தாண்ட முடியாது. 24-இலிருந்து 25, அங்கிருந்து 26 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 31 வரை ஏழு படி. தரவுத்தள அட்டவணைகளை மாற்றும் வேலை ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் இருக்கிறது. நடுவில் ஒன்றை விட்டால் அந்த மாற்றத்தைச் செய்யும் நிரலே அடுத்ததில் இல்லாமல் போயிருக்கலாம். இறங்கவும் வழி கிடையாது. 26-க்குப் போய்விட்டு 25-க்குத் திரும்ப வேண்டுமானால் காப்பு நகலிலிருந்து மீட்பது ஒன்றே வழி.

இதோடு சேர்த்து இன்னொரு படிக்கட்டும் இருக்கிறது. உங்கள் சிக்கலே அங்கேதான். 24-உம் 25-உம் பிஎச்பி 7.4, 8.0, 8.1 மூன்றிலும் ஓடும். 26-இல் 7.4 போய்விட்டது, 8.2 வந்துவிட்டது. 30-இல் 8.0 போய்விட்டது. இரண்டு படிக்கட்டும் சந்திக்கிற தளம் 8.1. அதில் நின்றுகொண்டு 24-இலிருந்து 26 வரை ஏறிவிடலாம். பிறகு 8.2-க்கு மாறிக்கொண்டு மேலே போகலாம். உங்கள் ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் பிஎச்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அங்கே 8.1 இருக்கிறதா? டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் திரை) வசதி உண்டா?

#6 நிலவொளி

8.1, 8.2, 8.3 மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. டெர்மினல் என்று ஒரு சின்னமும் இருக்கிறது. இதுவரை அதைத் தொட்டதே இல்லை.

#7 மாற்றுவழி

ஏழு படி ஏறுவதற்குப் பதில் இதையே சாக்காக வைத்து வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமே? சீஃபைல் வேகமானது. ஓன்கிளவுடின் இன்ஃபினிட் ஸ்கேல் கோ மொழியில் எழுதப்பட்டது, பிஎச்பியும் வேண்டாம் தரவுத்தளமும் வேண்டாம். ஒத்திசைவு மட்டும் போதும் என்றால் சின்க்திங்குக்கு சர்வரே தேவையில்லை.

#8 பழைய ஆணி

மாற்றுவழி சொல்வதில் தவறில்லை, நேரம்தான் தவறு. வண்டி நடுச்சாலையில் நிற்கும்போது புது வண்டி வாங்கும் பேச்சு எதற்கு? முதலில் ஓரம் கட்டுவோம்.

சீஃபைல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டித் தன் முறையில் அடுக்கி வைக்கும். அதனால்தான் அந்த வேகம். ஆனால் மென்பொருள் படுத்துவிட்டால் எஃப்டிபியில் நுழைந்து ஒரு படத்தை இறக்கிப் பார்க்க முடியாது. நிலவொளி #3-இல் மூச்சு விட்டாரே, அது நெக்ஸ்ட்கிளவுட் கோப்பைக் கோப்பாகவே வைத்திருப்பதால் வந்தது. வேகத்துக்காக அதை விட்டுக்கொடுப்பேனா என்று கேட்டால், குடும்பப் படங்களுக்கு மாட்டேன்.

(தெரியாதவர்களுக்கு: ஓன்கிளவுடும் நெக்ஸ்ட்கிளவுடும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிராங்க் கார்லிட்செக் 2010-இல் ஓன்கிளவுடைத் தொடங்கினார். 2016-இல் அவரும் அவரோடு வேலை செய்தவர்களில் பலரும் பிரிந்துபோய் நெக்ஸ்ட்கிளவுடை ஆரம்பித்தார்கள். இன்றும் நெக்ஸ்ட்கிளவுடின் தரவுத்தள அட்டவணைப் பெயர்கள் 'ஓசி' என்ற முன்னொட்டோடுதான் தொடங்கும். பழைய வீட்டுப் பெயர்ப்பலகை.)

அம்மா, இன்று செய்ய வேண்டியது காப்பு மட்டும். கான்ஃபிக் கோப்புறை, டேட்டா கோப்புறை, தரவுத்தளம் மூன்றையும் எடுத்து சர்வருக்கு வெளியே வையுங்கள். டேட்டா இறங்க நேரம் பிடிக்கும், பொறுமையாக இறங்கட்டும். மூன்றும் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.

#9 நிலவொளி

டேட்டா ஒன்றரை நாள் இறங்கியது. கான்ஃபிக் இறங்கிவிட்டது. தரவுத்தளத்தை பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றுமதி செய்து வைத்திருக்கிறேன், 96 எம்பி. அடுத்து என்ன?

#10 பழைய ஆணி

அந்த 96 எம்பி கோப்பை ஒரு எளிய உரைத் திருத்தியில் திறந்து, கடைசி வரியை இங்கே எழுதுங்கள்.

#11 நிலவொளி

கடைசி வரி ஓசி-ஃபைல்கேஷ் என்ற அட்டவணையின் நடுவில் நிற்கிறது. ஒரு படத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அப்படித்தான் இருக்குமா?

#12 பழைய ஆணி

அப்படி இருக்கக் கூடாது. உலாவி வழியாக ஏற்றுமதி செய்யும்போது சர்வரின் நேர வரம்பு தீர்ந்ததும் அது அப்படியே அறுத்துவிடும். உலாவியோ பதிவிறக்கம் முடிந்தது என்று பச்சைக் குறி போடும். ஃபைல்கேஷ் என்பது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி இருக்கும் அட்டவணை, பெரும்பாலான தளங்களில் எல்லாவற்றிலும் பெரியது. அதனால் அறுபடுவதும் பெரும்பாலும் அதில்தான். அதற்குப் பின் வரவேண்டிய பயனர் பட்டியல், பகிர்வுகள் எதுவும் உங்கள் கோப்பில் கிடையாது.

டெர்மினலைத் திறந்து மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் எடுங்கள். தரவுத்தளத்தின் பெயர், பயனர், கடவுச்சொல் எல்லாம் கான்ஃபிக் கோப்பிலேயே இருக்கின்றன. 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' என்ற தெரிவைச் சேருங்கள். நகல் எடுக்கும் நேரத்தில் யாராவது எதையாவது மாற்றினாலும், தொடங்கிய கணத்தின் நிலைதான் கோப்பில் இருக்கும். முடிந்ததும் கோப்பின் அடியைப் பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட் ஆன்' என்று தொடங்கி, நாளும் நேரமும் எழுதிய வரி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கோப்பின் அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஏற்கமாட்டேன்.

#13 நிலவொளி

412 எம்பி! அந்த வரியும் இருக்கிறது, நாளும் நேரமும் சரியாக இருக்கின்றன. அந்த 96 எம்பியை நம்பி மேலே போயிருப்பேனே.

#14 புதுவரவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் நெக்ஸ்ட்கிளவுட்தான். எஃப்டிபியில் நேராக டேட்டா கோப்புறைக்குள் 3000 படங்களைப் போட்டேன். தளத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பெரிய வீடியோக்களும் ஏறமாட்டேன் என்கின்றன.

#15 பூட்டுச்சாவி

தளம் உங்களுக்குக் காட்டுவது தரவுத்தளத்தில் உள்ள பட்டியலை. வட்டைப் போய்ப் பார்ப்பதில்லை. பின்வாசல் வழியாகப் போட்ட கோப்புகளைப் பட்டியலில் சேர்க்க, ஓசிசி என்ற நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளைக் கருவியில் 'ஃபைல்ஸ் ஸ்கேன்' கட்டளையை ஓட்டுங்கள். அதற்கு முன் கோப்புகளின் உரிமையாளர் இணைய சர்வர் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் வரும், திறந்தால் திறக்காது.

வீடியோவுக்கு: பிஎச்பி எந்த அமைப்பும் மாற்றாமல் இருந்தால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 8 எம்பி என்றுதான் அனுமதிக்கும். என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் முன்னால் இருந்தால் அது 1 எம்பியிலேயே நிறுத்திவிடும். இரண்டிலும் உயர்த்த வேண்டும். நினைவக வரம்பையும் 512 எம்பி ஆக்குங்கள். மேலும் கேள்வி இருந்தால் தனி இழை தொடங்குங்கள், இங்கே ஒருவர் நடுக்கடலில் இருக்கிறார்.

#16 பழைய ஆணி

அம்மா, இப்போது கலங்கிய கிணற்றைத் தெளிய வைப்போம். வரிசை முக்கியம்.

கட்டுப்பாட்டுப் பலகையில் பிஎச்பியை 8.1 ஆக்குங்கள். இப்போதுள்ள நெக்ஸ்ட்கிளவுட் கோப்புறையின் பெயரை 'கலங்கியது' என்று மாற்றுங்கள். நெக்ஸ்ட்கிளவுடின் பதிவிறக்க சர்வரில் பழைய பதிப்புகள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. 24 வரிசையின் கடைசித் திருத்தத்தை எடுத்து, பழைய பெயரிலேயே புதுக் கோப்புறையாக விரியுங்கள். பழையதன் மேல் விரிக்காதீர்கள். செய்த தப்பே அதுதான். 'கலங்கியது' கோப்புறையிலிருந்து கான்ஃபிக்கைப் புதியதற்குள் நகலெடுங்கள். டேட்டாவை நகர்த்துங்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்துவது நொடியில் முடியும், 180 ஜிபியும் உண்மையில் இடம்பெயர்வதில்லை. தனியாக ஏதாவது செயலிகள் நிறுவியிருந்தால் விட்டுவிடுங்கள், பிறகு சேர்க்கலாம்.

பிறகு டெர்மினலில் ஓசிசி ஸ்டேட்டஸ் கேளுங்கள். வருவதை அப்படியே எழுதுங்கள்.

#17 நிலவொளி

எல்லாம் செய்தேன். ஓசிசி கேட்டால் மறுபடியும் பிஎச்பி 8.2-க்கு மேல் பொருந்தாது என்கிறது! பலகையில் 8.1 என்றுதான் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

#18 பழைய ஆணி

இதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன். பலகையில் நீங்கள் மாற்றியது இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி. டெர்மினலில் வெறுமனே பிஎச்பி என்று தட்டினால் ஓடுவது வேறொன்று. டெர்மினலில் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், 8.3 என்று சொல்லும் என்று நினைக்கிறேன். 8.1-இன் முழுப் பாதை உங்கள் ஹோஸ்டிங்கின் உதவிப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பாதையை முன்னால் வைத்து ஓசிசியை அழையுங்கள். இனி ஒவ்வொரு கட்டளைக்கும் அப்படித்தான்.

#19 நிலவொளி

ஆமாம், 8.3 என்றுதான் சொன்னது. முழுப் பாதை வைத்ததும் அந்தப் புகார் போய்விட்டது. இப்போது ஏபிசியூ நினைவகத் தேக்ககம் கிடைக்கவில்லை என்று வேறு புகார்.

#20 பூட்டுச்சாவி

ஏபிசியூ இணையப் பக்கங்களுக்கு இயங்கும். கட்டளை வரியில் அதைத் தனியாக இயக்க வேண்டும். 'ஏபிசி.எனேபிள்_சிஎல்ஐ' என்ற அமைப்பை 1 ஆக்கி, அதையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுங்கள்.

#21 நிலவொளி

வந்துவிட்டது! நிறுவப்பட்டுள்ளது: ஆம். பராமரிப்பு நிலை: இல்லை. தரவுத்தள மேம்பாடு தேவை: ஆம்.

ஓசிசி அப்கிரேட் கொடுத்தேன், இரண்டு நிமிடம் எழுத்துகளாக ஓடி முடிந்தது. தளம் திறக்கிறது. ஏழு பேரின் கோப்புகளும் இருக்கின்றன. என் கணினியில் ஒத்திசைவுச் செயலியும் பச்சையாகிவிட்டது. ஐயா, எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

#22 பழைய ஆணி

நன்றியை 31-இல் சொல்லுங்கள். இப்போது நிற்பது இறந்துபோன பதிப்பில்.

#23 மாற்றுவழி

உண்மையாகவே கேட்கிறேன். வீட்டுப் படங்கள், ஏழு பேர். 24-இலேயே பிஎச்பி 8.1 வைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? இணையத்தில் கோடிக்கணக்கான தளங்கள், இதை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

#24 பூட்டுச்சாவி

ஆள் வந்து பார்ப்பதில்லை, நிரல் வந்து பார்க்கிறது. யாருடைய வீடு என்று அது விசாரிப்பதும் இல்லை.

2019 அக்டோபரில் என்ஜின்எக்ஸோடு பிஎச்பி-எஃப்பிஎம் ஓடும் சில அமைப்புகளில் ஓட்டை ஒன்று வெளியானது. அடுத்த மாதமே நெக்ஸ்ட்க்ரை என்ற மென்பொருள் நெக்ஸ்ட்கிளவுட் சர்வர்களில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பூட்டப்பட்ட கோப்புகள் ஒத்திசைவு வழியாக வீட்டுக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஒத்திசைவைக் காப்பு என்று நினைத்திருந்தவர்களுக்கு அன்று இரண்டு பக்கமும் போனது.

2023 நவம்பரில் ஓன்கிளவுடின் கிராஃப்ஏபிஐ செயலியில் ஓர் ஓட்டை. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. ஒரு முகவரியைத் திறந்தால் பிஎச்பியின் உள்விவரம் முழுவதும் திரையில் வரும். கொள்கலனில் ஓடும் சர்வர்களில் நிர்வாகியின் கடவுச்சொல்லும் அதோடு சேர்ந்து வரும். செயலியை நிறுத்தி வைத்தாலும் ஓட்டை மூடவில்லை, அந்தக் கோப்பையே நீக்க வேண்டியிருந்தது.

நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்புக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டுதான் திருத்தங்கள் வரும். 24-க்கு நின்று வெகுநாள் ஆகிவிட்டது.

#25 பழைய ஆணி

பூட்டுச்சாவி கொள்கலன் என்றதும் கலங்கரை அமைதியாகிவிட்டார்.

#26 கலங்கரை

அமைதியாகவில்லை, வேலையாக இருந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு பதிப்பு எண் குறிக்காமல் 'லேட்டஸ்ட்' என்ற குறிச்சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் கழித்துப் புதுப்பித்தேன். படிமம் இரண்டு பெரிய பதிப்பு தாண்டிப் போயிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பெரிய பதிப்புதான் ஏற முடியும் என்று சொல்லிக் கொள்கலன் எழ மறுத்துவிட்டது. அன்றிலிருந்து பெரிய பதிப்பின் எண்ணைக் குறித்துத்தான் இழுக்கிறேன். ஆனால் எண்ணை மாற்றித் திரும்ப எழுப்ப எனக்கு நான்கு நிமிடம் ஆனது, நிலவொளிக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டாம்.

#27 பழைய ஆணி

மறைக்கவில்லை. சொந்த மெய்நிகர் சர்வர் இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

அம்மா, இனி ஏறுவதற்கு நெக்ஸ்ட்கிளவுடோடு வரும் புதுப்பிப்பானைப் பயன்படுத்துங்கள். உலாவியில் வேண்டாம், நேர வரம்பு அங்கேயும் அறுக்கும். அப்டேட்டர் கோப்புறைக்குள் அப்டேட்டர்.ஃபார் என்று ஒரு கோப்பு உண்டு, அதைக் கட்டளை வரியில் ஓட்டுங்கள். பழைய நிரலைக் காப்பு எடுக்கும், புதியதை இறக்கும், கையொப்பம் சரிபார்க்கும், மாற்றி வைக்கும். தரவுத்தளத்தையும் டேட்டாவையும் காப்பு எடுக்காது. "காப்பு எடுக்கிறேன்" என்று திரையில் எழுதுவதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு டம்ப் (தரவுத்தள நகல்), கடைசி வரி பார்த்து. டேட்டா ஏற்கெனவே எடுத்தது போதும். வீட்டில் எல்லோரிடமும் இரண்டு நாளைக்குப் புதிதாக எதையும் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடிவில் அதுவே ஓசிசி அப்கிரேடை ஓட்டட்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். பராமரிப்பு நிலையில் தொடர வேண்டுமா என்று கேட்கும், வேண்டாம் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் தளத்தைத் திறந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

#28 நிலவொளி

25 ஆகிவிட்டது. 26-க்குப் போகும்போது எதிர்பாராத கோப்புகள் இருக்கின்றன என்று நின்றுவிட்டது. இரண்டு பெயர் காட்டுகிறது. ஒன்று எரர்_லாக். மற்றொன்று நான் எஃப்டிபியில் போட்டுவிட்டு மறந்துபோன ஜிப்.

#29 பழைய ஆணி

புதுப்பிப்பான் தன் கோப்புறையைத் துடைத்துவிட்டுப் புதியதை வைக்கும். தனக்குச் சொந்தமில்லாத பொருள் அங்கே கிடந்தால் அதை அழிக்காமல் உங்களைக் கேட்கிறது. நல்ல பழக்கம். எரர்_லாக் என்பது ஹோஸ்டிங் தானாக எழுதுவது, நீக்கலாம். ஜிப்பை வெளியே நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

#30 நிலவொளி

26 ஆகிவிட்டது. பிஎச்பியை இரண்டு இடத்திலும் 8.2 ஆக்கினேன் (டெர்மினல் பாதையை மறக்கவில்லை!). 27-க்குப் போகும்போது வீட்டில் இணையம் போய் டெர்மினல் மூடிக்கொண்டது. இப்போது ஓட்டினால் ஐந்தாம் கட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பிறகு வாருங்கள் என்கிறது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

#31 பூட்டுச்சாவி

இன்னும் ஒரு நாள் காத்திருந்தாலும் அதையேதான் சொல்லும். ஐந்தாம் கட்டத்தில் இருக்கிறேன் என்று எழுதி வைத்துவிட்டு அது செத்துவிட்டது. எழுதியதை அழிக்க ஆளில்லை.

டேட்டா கோப்புறைக்குள் 'அப்டேட்டர்' என்று தொடங்கி, ஓர் இடைக்கோடும் குழப்பமான எழுத்துகளும் கொண்ட கோப்புறை இருக்கும். அதற்குள் புள்ளியில் தொடங்கும் '.ஸ்டெப்' என்ற சிறு கோப்பு. மறைந்த கோப்பு என்பதால் எஃப்டிபி செயலியில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அதை மட்டும் நீக்கிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள், முதல் கட்டத்திலிருந்து தொடங்கும். ஐந்தாம் கட்டத்தில் பழைய நிரலை அது இன்னும் தொட்டிருக்காது.

இன்னொன்று, இப்போது தேவையில்லை, ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது பழைய காப்பிலிருந்து மீட்க நேர்ந்தால், தளத்தைத் திறக்கும் முன் ஓசிசியில் 'டேட்டா ஃபிங்கர்பிரின்ட்' கட்டளையை ஓட்டுங்கள். சர்வர் காலத்தில் பின்னே போயிருக்கிறது என்று ஒத்திசைவுச் செயலிகளுக்கு அது சொல்லும். சொல்லாவிட்டால், சர்வரில் இல்லாத புதுக் கோப்புகளை நீக்கப்பட்டவை என்று எண்ணி வீட்டுக் கணினியிலிருந்தும் எடுத்துவிடும்.

#32 நிலவொளி

அந்தக் கோப்பை நீக்கியதும் நகர்ந்தது. 27, 28 ஆகிவிட்டன. 28-இல் இரண்டு செயலிகளைப் பொருந்தாதவை என்று தானே நிறுத்திவிட்டது. அவை என்ன செயலிகள் என்றே நினைவில்லை, அப்படியே இருக்கட்டும். நாளை மீதி.

#33 நிலவொளி

31!

கடைசி மூன்று படியும் தேநீர் ஆறும் முன் முடிந்தன. ஒவ்வொரு டம்ப்பின் கடைசி வரியையும் பார்த்தேன். நிர்வாகப் பக்கத்தில் சில எச்சரிக்கைகள் இருக்கின்றன: விடுபட்ட தரவுத்தளக் குறியீடுகள், டேட்டா கோப்புறை இருக்கும் இடம், பின்னணிப் பணிகள் ஓடி வெகு நாளாகிறது.

#34 பழைய ஆணி

வாழ்த்துகள். இப்போது நன்றியை ஏற்றுக்கொள்கிறேன்.

குறியீடுகளுக்கு ஓசிசியில் 'ஆட் மிஸ்ஸிங் இன்டிசஸ்' போதும்.

டேட்டா கோப்புறை இணையத்துக்குத் திறந்த கோப்புறைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இருப்பது நல்லது. ஆனால் கோப்புறையை நகர்த்திவிட்டு கான்ஃபிக்கில் பாதையை மாற்றினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய பாதை தரவுத்தளத்தில் சேமிப்பிடங்களின் அட்டவணையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றாமல் விட்டால் பகிர்வுகளெல்லாம் அறுந்து தொங்கும். இப்போதைக்கு உலாவியில் உங்கள் முகவரிக்குப் பின் டேட்டா, அதற்குப் பின் நெக்ஸ்ட்கிளவுட்.லாக் என்று தட்டிப் பாருங்கள். தடை என்று வந்தால் இருக்கட்டும். எழுத்துகள் வந்தால் உடனே இங்கே ஓடி வாருங்கள்.

பின்னணிப் பணி: இது என்ன முறையில் இருக்கிறது? அஜாக்ஸ் என்றா?

#35 நிலவொளி

தடை என்றுதான் வருகிறது. பின்னணிப் பணி அஜாக்ஸில் இருக்கிறது. க்ரானுக்கு (குறித்த நேரத்தில் சர்வரே ஓட்டும் வசதி) மாற்றி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடவா?

#36 பழைய ஆணி

அதுதான் சரி, க்ரானிலும் பிஎச்பியின் முழுப் பாதை வைக்க மறக்காதீர்கள். ஆனால் ஓட விடுவதற்கு முன் ஒரு காரியம். அஜாக்ஸ் முறையில் யாராவது உலாவியில் தளத்தைத் திறந்தால்தான் பின்னணிப் பணி ஒன்று நடக்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்திசைவுச் செயலியோடு நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. குப்பைத் தொட்டியைச் சுத்தம் செய்வதும் பின்னணிப் பணிதான். நீக்கியவை 30 நாள் இருக்கும், அதற்குப் பிறகு இடம் தேவைப்பட்டால் அழிக்கப்படும். உங்களிடம் நான்கு ஆண்டுக் குப்பை அப்படியே கிடக்கலாம். ஏழு பேரையும் அவரவர் தொட்டியை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு க்ரானைப் போடுங்கள்.

#37 நிலவொளி

ஐயா, என் தங்கையின் தொட்டியில் 'பாட்டி பேச்சு' என்று ஒரு கோப்புறை. 41 ஒலிப்பதிவுகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் போன் மாற்றும்போது போய்விட்டன என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பாட்டி இப்போது இல்லை.

மீட்டெடு என்ற பொத்தானை அழுத்தலாமா, அல்லது முதலில் வேறு எங்காவது நகலெடுக்க வேண்டுமா? தொடவே பயமாக இருக்கிறது.

#38 பழைய ஆணி

முதலில் நகல். டேட்டா கோப்புறையில் தங்கையின் பெயருக்குள் 'ஃபைல்ஸ்_டிராஷ்பின்' என்று இருக்கும், அதற்குள் 'ஃபைல்ஸ்'. கோப்புறையின் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்தும் நீண்ட எண்ணும் ஒட்டியிருக்கும், அது நீக்கிய நேரம். எஃப்டிபியில் அதை அப்படியே வீட்டுக் கணினிக்கு இறக்குங்கள். ஒன்றிரண்டைக் கேட்டுப் பாருங்கள். பிறகு மீட்டெடு.

#39 நிலவொளி

41-உம் இறங்கிவிட்டன. மூன்றைக் கேட்டேன். மீட்டெடுத்தும் விட்டேன். க்ரான் ஓடுகிறது.

#40 நெறியாளர்

தீர்வு கிடைத்துவிட்டதாகக் குறிக்கிறேன். தலைப்பை அப்படியே விடுகிறேன், தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

#41 வடக்குவாசல்

வணக்கம், எனக்கும் அதே வரி வருகிறது. என்னுடையது 22-ஆம் பதிப்பு. 31-ஐ நேராகப் போட்டுவிடலாமா?

#42 பழைய ஆணி

புதிய இழை தொடங்குங்கள். வரும்போது டம்ப்பின் கடைசி வரியை எழுதிக்கொண்டு வாருங்கள்.